கலர் ஈ-ரீடரைத் திருப்பி எடுத்துக்கொள்வது குறித்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனாரின் ஆசிகள். நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் அத்தையும் நானும் உடம்பளவில் சௌக்கியம். பேச்சுவார்த்தைதான் சில நாளாக இல்லை. காரணம், புத்தகம் படிக்க நீங்கள் ஆசையாக வாங்கி அனுப்பிய கலர் ஈ-ரீடர். அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் ஒன்று அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

கொடுத்த பொருளைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். போன் மாதிரி கண்ணைக் கூசவைப்பதில்லை, வெயிலில் உட்கார்ந்தும் படிக்கலாம், வரைபடத்தில் ஆறு எது சாலை எது என்று புரிகிறது, உங்கள் அத்தை மஞ்சளில் கோடு போடுகிறாள், நான் நீலத்தில் போடுகிறேன், ஆகவே யார் போட்ட கோடு என்ற தகராறு ஒழிந்தது. இதெல்லாம் நல்லது. ஆனால் கலர் காட்டுவதற்காகத் திரைமேல் இன்னொரு படலம் வைத்திருக்கிறார்களாம், அதனால் பக்கம் வெளுப்பில்லாமல் கிடக்கிறது, உள்விளக்கை ஏற்றினால் சார்ஜ் கரைகிறது, எழுத்தும் கொஞ்சம் சொரசொரப்பு, படங்களோ பலமுறை துவைத்த சட்டை.

இதைச் சொன்னால் உங்கள் அத்தை, "எனக்குப் பளிச்சுன்னுதானே இருக்கு?" என்கிறாள். பெயிண்ட் கடையில் கலர் கலந்தே பிழைத்தவன் நான். மெஷின் வந்த பிறகும், பாதிச் சுவரில் டப்பா தீர்ந்துபோனவர்கள், "கண்ணால பாத்துக் கலக்குவாரே, அந்தப் பெரியவர் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். இந்தக் கண்ணை நம்பித்தான் கடையில் எனக்கு இன்னும் ஒரு நாற்காலி இருக்கிறது. என்னிடமே பளிச்சா?

சும்மா விடுவேனா? பெயிண்ட் கலர்களையெல்லாம் அச்சடித்திருக்கும் ஷேடு கார்டை எடுத்து வந்து, பறவைப் புத்தகத்தில் இருந்த கிளியின்மேல் வைத்துப் பார்த்தேன். கூடத்தில் பார்த்தேன், ஜன்னலோரம் பார்த்தேன், மொட்டைமாடிக்கே தூக்கிக்கொண்டு போனேன். கிளி எங்கேயும் தேறவில்லை. "ஏங்க, அதுக்கு ரெண்டு கோட் அடிக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள்தான், அதன்பிறகு பேச்சே இல்லை. அப்போதுதான் கவனித்தேன், ஷேடு கார்டின் வெள்ளையே பழுத்துக் கிடந்தது. பழைய கார்டாயிற்றே என்று கடைக்குப் போய்ப் புதிதாகக் கேட்டேன், அதுவும் பழுப்பு, இன்னொரு கட்டைப் பிரிக்கச் சொன்னேன், அதுவும் பழுப்பு. கம்பெனிக்காரன் வெள்ளையை அச்சடிக்கவே மறந்துவிட்டான் என்று சத்தம் போட்டேன். முதலாளி மெதுவாக, "அண்ணே, ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வாங்களேன். போன வாரம் நீங்க கலந்து குடுத்த சுவரு ரெண்டு கலரா நிக்குதாம்" என்றார். வந்ததே எனக்குக் கோபம்! "முதல்ல உன் கடை ட்யூப்லைட்டை மாத்துப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இத்தனைக்கும் மூலம் அந்தத் திரைதான், மாப்பிள்ளை. அதையே பார்த்துப் பார்த்து என் கண் அந்தப் பழுப்புக்குப் பழகிவிட்டது. கறுப்பு வெள்ளை வந்தால் கண்ணும் தெளியும், கடையில் மரியாதையும் நிற்கும், உங்கள் அத்தையும் பேசுவாள்.

மகளுக்கு என் அன்பு. இருவரும் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டு நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியது முழுவதையும் அடித்துவிடுங்கள். உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு கண்ணிலும் புரையாம். எதைப் பார்த்தாலும் பழுப்பாகத்தான் தெரியுமாம். கலர் திரை கொஞ்சம் மங்கல்தான் என்று டாக்டரம்மாவும் ஒத்துக்கொண்டார், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாரோ என்னவோ. அடுத்த வாரம் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன். "இதுக்கெல்லாம் எவனாவது பயப்படுவானா?" என்று உங்கள் அத்தையிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. அவளுக்குத் தெரியக்கூடாது என்று தபால்பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். ஈ-ரீடரை எடுத்துப்போக வந்ததாக அவளிடம் சொல்லிக்கொண்டு வாருங்கள். கட்டுப் பிரிக்கிறவரைக்கும் என் கூடவே இருங்கள்.