கப்பலைக் கொண்டுவந்தது யார் என்பது பற்றி

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்கள் பத்திரிகையும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை.

துறைமுகத்துக்குள் கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தும் பிரிவுக்கு நான் தலைவி. போன வாரப் பேய்க்காற்றில் எஞ்சின் நின்றுபோன எண்ணெய்க் கப்பல் ஒன்று அலைதடுப்புச் சுவரை நோக்கி அடித்துக்கொண்டு வந்ததே, அதில் கயிற்றேணியைப் பிடித்து ஏறி, முன்னாலும் பின்னாலும் இழுவைப் படகுகளைக் கட்டி, தொண்டை கிழியக் கத்திக் கரைசேர்த்தவள் நான். கப்பலில் இருந்த அத்தனை பேரும் உயிரோடு வீடு போனார்கள். அந்நேரம் என் துணை அதிகாரி போக்குவரத்து நெரிசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்தபின் இஸ்திரி கலையாத வெள்ளைச் சீருடையில் வந்து இறங்கினார். நான் தலைமுதல் கால்வரை எண்ணெயும் உப்புத்தண்ணீருமாக நின்றேன். உங்கள் நிருபர் சட்டையைப் பார்த்துத்தான் ஆளை எடை போடுவார் போலும். மறுநாள் முதல் பக்கப் படத்தில் துணை அதிகாரி ‘கடல் காத்த வீரர்’, பக்கத்தில் நின்ற நான் ‘பெண் உதவியாளர்’.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அவங்களா எழுதிட்டாங்க மேடம். நான் போய் இல்லைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?” என்றார். அவருக்கு நன்றாகத்தான் இருந்தது.

உடனே தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் முதலில் சாரிடம் கொடுக்கச் சொன்னார். இங்கே சார் யாரும் இல்லை, நான்தான் தலைவி, அவர் எனக்குத் துணை என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவர் காதில் ‘துணை’ மட்டும் விழுந்திருக்கிறது. அடுத்த நாள் திருத்தம் போட்டீர்கள்: ‘படத்தில் இருப்பவர் உதவியாளர் அல்ல, அதிகாரியின் துணைவி.’ என் வீட்டுக்காரருக்கு அன்று காலையிலிருந்து ஆறுதல் சொல்லிப் போன் மேல் போன். மனிதர் பாவம், எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

துணை அதிகாரியின் நிஜ மனைவி பேப்பரும் கையுமாக என் அறைக்கே வந்துவிட்டார். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, அங்கேயே நின்றிருந்த கணவர் பக்கம் திரும்பினார். “டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன், சாப்பாட்டை மூடி வைன்னு எனக்குப் போன் பண்ணினது அன்னைக்குத்தானே?” என்றார். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

இதோடு போயிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். கட்டி முடித்திருக்கும் புதுத் துறைமுகத்துக்குத் தலைமை அதிகாரியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேர்வுக் குழுவில் ஒருவர் உங்கள் படத்தைக் கத்தரித்து எடுத்துப்போய், ‘வீரர் இருக்க வேறு ஆள் எதற்கு’ என்றாராம். துணை அதிகாரிக்குப் பாராட்டுக் கூட்டமும் வைத்தார்கள். பூச்செண்டை என் கையில் கொடுத்து, அவரிடம் கொடுக்கச் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. மைக்கைப் பிடித்து, காற்று எந்தப் பக்கம் அடித்தது, எந்தப் படகை எங்கே கட்டினேன் என்று முதலிலிருந்து சொன்னேன். பிறகு அவரைப் பார்த்து, “கப்பல் எப்படித் திரும்பிச்சுன்னு மிச்சத்தை நீங்க சொல்லுங்க” என்றேன்.

எழுந்து நின்றார், வேர்த்துக் கொட்டியது. “நான் அப்போ அங்க இல்லைங்க” என்றார்.

கூட்டத் தலைவர் இருமிவிட்டு, டீ குடித்துவிட்டுப் பேசலாமே என்றார். நான் டீ குடிக்காமல் வந்துவிட்டேன்.

இத்தனை வருஷமாக என் வேலையே என்னைப் பற்றிப் பேசும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன் ஐயா. வேலைக்கு ஏது வாய்? பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் வாய். இனி என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்கிறேன். திமிர் பிடித்தவள் என்பார்கள், சொல்லட்டும். ஆகவே இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல், முதல் பக்கத்தில், அதே பெரிய எழுத்தில் போட வேண்டும்.

தங்கள் அச்சு இயந்திரம் நீண்டகாலம் ஓடட்டும். அதற்குள் எப்போதாவது ஓர் உண்மையும் போய் வரட்டும்.

இப்படிக்கு,
துறைமுகத்தின் கப்பல் பிரிவுத் தலைவி (யாருடைய உதவியாளரும் அல்ல)

பி.கு.: மேலே கேட்டது எதையும் போட வேண்டாம். எழுதி முடித்தும் கோபம் அடங்காததால் ஊரிலுள்ள மற்ற எல்லாப் பத்திரிகைக்காரர்களையும் படகுத்துறைக்கு வரச்சொல்லி, கப்பல் கேப்டனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாளைக் காலை எல்லாவற்றிலும் வரும், உங்களுடையதைத் தவிர. தேர்வுக் குழுவும் என்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறது. உங்களுக்கு மட்டும் ஏன் செய்தி கிடைக்கவில்லை என்று முதலாளி கேட்டால் எனக்குப் போன் செய்யுங்கள். எடுப்பேன் என்று சொல்லவில்லை.