அந்த மேடு உங்கள் அக்காள் அல்ல

அன்பும் முறையும் உள்ள மச்சினன் ரத்தினவேலுக்கு, வல்லத்திராக்கோட்டையிலிருந்து உங்கள் மச்சான் உடையப்பன் எழுதுவது. இங்கு நானும் மாடும் நலம். கொடும்பாளூரில் நீங்களும், உங்கள் வீட்டாரும், என்மேல் கோபித்துக்கொண்டு அங்கு வந்திருக்கும் உங்கள் அக்காள் அமராவதியும் நலமா என்று அறிய ஆவல்.

முதலில் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். வரப்பு வெட்டிப் பழகிய கை. பேனாவைக் கொடுத்தால் மண்வெட்டி என்று நினைத்து அழுத்துகிறது. நான் எழுத்துக் கூட்டப் பழகி இன்னும் ஒரு தை மாதம்கூட வரவில்லை. 'ழ' வரும் இடத்திலெல்லாம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் போட்டிருக்கிறேன். போனிலேயே பேசலாமே என்பீர்கள். பேசினால் நீங்கள் போனை அக்காளிடம் கொடுப்பீர்கள், அவள் கட் பண்ணிவிடுவாள். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. ஆகையால் இதை அவள் காதில் விழும்படி சத்தமாக வாசியுங்கள். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே போய் வாசியுங்கள்.

பள்ளிக்கூடத்தில் சாயந்திரம் நடக்கும் பெரியவர்கள் வகுப்பில் இளமதி டீச்சர் ஆளுக்கொரு பத்திரிகைத் தாளைக் கொடுத்து வாசித்துவரச் சொன்னார். மற்றவர்களுக்கு உர விலை, ராசிபலன் என்று வந்தது. எனக்கு வந்தது சினிமாப் பக்கம். விரல் வைத்துத் தடவித் தடவி ஒரு வாரம் வாசித்தேன். ஏதோ ஒரு படத்தில் கதவு ஒன்று வெகுநேரம் திறந்தே கிடக்கிறதாம். யாரும் வரவில்லை, யாரும் போகவில்லை. அந்தக் கதவு கதவல்ல, மனிதனின் தனிமை என்று எழுதியிருந்தது. மாப்பிள்ளை, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எழுபது வருஷமாகக் கதவைக் கதவென்றே நினைத்துத் திறந்து மூடியிருக்கிறேன்! மறுநாள் டீச்சரிடம் ஓடினேன்.

"அப்ப ஜன்னலுங்க டீச்சர்?"

"அதுக்கும் ஒரு அர்த்தம் இருக்கும்ங்கய்யா."

"கொல்லைக் கதவு?"

"ஐயா, மொதல்ல அடுத்த வரியப் படிங்க."

என் ஆர்வத்தைப் பார்த்து, புதுக்கோட்டையில் ஒரு சங்கத்தார் நல்ல படங்களைப் போட்டுக் கூடிப் பேசும் இடத்துக்கு டீச்சர் என்னைக் கூட்டிப்போனார். படத்தில் ஓர் ஆள் மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறான். போகிறான். நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்தபோதும் போய்க்கொண்டிருந்தான். மேடு முடிவதற்குள் படம் முடிந்துவிட்டது. விளக்கைப் போட்டதும் ஆளுக்கு ஆள் பேசினார்கள். சைக்கிள்தான் வரலாறு என்றார் ஒருவர். இல்லை, அகங்காரம் என்றார் தாடி வைத்த ஒருவர். பெரியவர் என்ன நினைக்கிறீங்க என்று என்னிடமும் மைக்கை நீட்டிவிட்டார்கள். "சைக்கிளு புருசன்ங்க. மேடு பொண்டாட்டி. ஏறவும் முடியாது, எறங்கிப் போகவும் மனசு வராது" என்றேன். அப்படி ஒரு கைதட்டல்! தாடிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அருமையான வாசிப்புங்கய்யா" என்றார். நேற்றுவரை எழுத்துக் கூட்டத் தெரியாதவனைப் பார்த்து அருமையான வாசிப்பு என்றால் தலை கழுத்தில் நிற்குமா? (அந்த மேடு உங்கள் அக்காள் அல்ல. பொதுவாகச் சொன்னது. இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள்.)

அதன் பிறகு வீட்டில் எந்தப் படத்தையும் என்னால் சும்மா பார்க்க முடியவில்லை. டிவியில் கதாநாயகன் இருபது பேரை அடித்துக்கொண்டிருந்தான். "அவங்க ஏன் ஒவ்வொருத்தனா வந்து அடி வாங்குறாங்க தெரியுமா அமராவதி? மனுசனுக்குக் கஷ்டம் அப்படித்தான் வரிசையா வரும். அது அடியாளு இல்ல, விதி" என்றேன். "கடைசியில எல்லாவனும் மொத்தமா வந்து விழுகுறானே?" என்றாள். "அது மக கல்யாணம்" என்றேன். அவள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்து ஒரு பாட்டு. கிணற்றடியில் நின்ற இரண்டு பேரும் திடீரென்று பனிமலையில் ஆடுகிறார்கள். "மனசு பறந்துபோயிருச்சு, ஒடம்பு இங்கிட்டே கெடக்கு. மனசுக்குக் குளிராது. அதான் அந்தப் புள்ள மெல்லிசுச் சேலையில நிக்கிது" என்றேன். "அவன் மட்டும் கோட்டு, கம்பளின்னு மாட்டியிருக்கானே. அவன் மனசுக்கு மட்டும் குளிருதாக்கும்?" என்றாள். மாப்பிள்ளை, இதைத் தாடிக்காரரிடம் கேட்க வேண்டும் என்று தாளில் குறித்துவைத்தேன்.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடிப் படம் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு, மகன் வந்து சேர்வதற்குள் தாய் கண்ணை மூடிவிடுகிற படம். இழவு வீட்டில்போல ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற என் வாய் சும்மா இருக்கவில்லை. "எதுக்குத்தா அழுகுறீங்க? அது தாயே இல்ல. ஆத்து மணலு. இருக்கிறப்ப அள்ளிட்டு, போனப்பறம் அழுகுறோம்ல, அதத்தான் சொல்றான்" என்றேன். பக்கத்து வீட்டு மணிமேகலை மூக்கைச் சிந்திக்கொண்டே, "அப்ப அந்த மூக்குல வச்ச பஞ்சு என்னங்க மாமா?" என்றாள். "அது அரசாங்கம்" என்றேன். ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். படத்தில் தாய் கிடக்கிறாள், இங்கே பாயில் புரண்டு சிரிக்கிறார்கள். உங்கள் அக்காள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து டிவியை அணைத்தாள்.

"ஏங்க, நான் அந்தப் படத்துக்காரிக்கா அழுதேன்? எங்க ஆத்தாளுக்கு அழுதேன்."

கொரோனா வருஷத்தில் உங்கள் ஆத்தா போனபோது, பாஸ் கிடைக்காமல் நாங்கள் பாதி வழியில் திரும்பினோம். நீங்கள் போனைத் தூக்கிக் காட்ட, அந்தக் கையகலக் கண்ணாடியில்தான் அவள் ஆத்தா முகத்தைப் பார்த்தாள். கட்டிப்பிடித்து அழ ஒரு தோள் இல்லை. அன்றைக்கு அழாததைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக அழுதுகொண்டிருந்திருக்கிறாள். கதவுக்கு அர்த்தம் கண்டுபிடித்தவனுக்குப் பக்கத்தில் இருந்தது தெரியவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள்.

மாப்பிள்ளை, அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவையுங்கள். அவள் இல்லாத வீட்டில் சோறும் குழம்பும் ஒரே நிறமாக இருக்கின்றன. தெருப் பெண்கள் வந்து அணைந்து கிடக்கும் டிவியைப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். இனி எந்தப் படத்துக்கும் அர்த்தம் சொல்ல மாட்டேன் என்று ஐயனார்மேல் ஆணையாக எழுதித் தருகிறேன். படம் ஓடும்போது மாட்டுக்கொட்டகையில் இருப்பேன். மாட்டிடம்கூடச் சொல்ல மாட்டேன்.

உங்கள் கிணற்றில் தண்ணீரும் குதிரில் நெல்லும் குறையாதிருக்கட்டும். பிள்ளைகள் படித்துப் பெரிய ஆளாகட்டும். அக்காளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, நான் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உடையப்பன்
(கையெழுத்து என்னுடையதே. கைநாட்டு இல்லை.)

பின்குறிப்பு: கடிதத்தை மடித்த பிறகு நடந்தது. அக்காள் போன நாள் முதல் அடுப்படி மூலையில் ஒரு கூடை கவிழ்ந்து கிடந்தது. மேலே அம்மிக்குழவி. கூடை என் வாய், குழவி அவள் கோபம் என்று கண்டுபிடித்து, தூக்கிப் பார்த்தால் அர்த்தம் ஓடிவிடும் என்று தொடாமல், தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து வருந்தினேன். இப்போது மணிமேகலை ஒரு கிண்ணத்தில் கம்போடு வந்து, "தள்ளுங்க மாமா" என்று கூடையைத் தூக்கினாள். உள்ளே கறுப்புக் கோழி அடையில் இருக்கிறது. நான் வயலுக்குப் போகும் நேரம் பார்த்து இவள் தினமும் வந்து போயிருக்கிறாள்.

"அயித்ததான் அடை வச்சிட்டுப் போச்சு. எரை போடச் சொல்லுச்சு. குஞ்சு எறங்குற அன்னைக்கு வந்துருவேன்னுச்சு."

"எங்கிட்ட சொல்லலையே?"

"ஒங்ககிட்ட சொன்னா முட்டைக்கும் அர்த்தம் சொல்லுவீங்களாம்."

ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதியதில் எதையும் அவளிடம் வாசிக்க வேண்டாம், முக்கியமாக அந்த ஆணையை. முட்டையைப் பற்றி எனக்கு உண்மையிலேயே ஒன்று தோன்றியிருக்கிறது. தாள் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் விவரமாக எழுதுகிறேன்.