மச்சானுக்கு ஆதாரம் தேடியவர்

"ஊரெல்லாம் கட்டடமா கட்டி நிறுத்தியிருக்கார் எங்கண்ணன். உங்க கலைக்களஞ்சியத்துல அவருக்கு ஒரு பக்கம் இடம் இல்லையா?"

கேட்டுவிட்டு மனைவி தட்டை நங்கென்று வைத்தாள்.

இணையக் கலைக்களஞ்சியத்தில் யாருடைய வாழ்க்கை வரலாற்றைச் சேர்ப்பது, யாருடையதைத் தள்ளுவது என்று முடிவு செய்வது உதவி ஆசிரியரான அவள் கணவரின் வேலை. கட்டடக்கலைஞரான மைத்துனர் தன்னைப் பற்றித் தானே எழுதி அனுப்பிய கட்டுரை அவர் கணினியில் கிடந்து அவரையே முறைத்துக்கொண்டிருந்தது.

"இடம் இருக்கும்மா, ஆதாரம்தான் இல்ல. எல்லாத்துக்கும் அவரோட சொந்த இணையதளத்தையே காட்டியிருக்கார். வெளியாளு யாராவது எழுதியிருக்கணும்."

இதை அவள் அண்ணனிடம் அப்படியே ஒப்பித்தாள். மறுநாள் காலை மைத்துனர் ஒரு பையோடு வந்து இறங்கினார்.

"இந்தாங்க மாப்ள, பத்திரிகை. எட்டுப் பக்கம்!"

கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் 'விளம்பரப் பகுதி' என்றிருந்தது.

"சரி, அத விடுங்க. இது விருது."

"குடுத்த சங்கத்துக்குத் தலைவர் யாரு மச்சான்?"

"நான்தான். அதுக்காக என் கையால நானே வாங்கல. செயலாளர் கையாலதான் வாங்கினேன்."

"இந்தப் புத்தகம்?"

"என் சம்சாரம் எழுதினது. பொண்டாட்டியே புருஷன நல்லவன்னு எழுதியிருக்கா. இதவிட நம்பகமான ஆதாரம் உலகத்துல உண்டா?"

உதவி ஆசிரியருக்கு இரண்டு பக்கமும் இடி. சொந்தக்காரர் விஷயத்தில் தான் தீர்ப்புச் சொல்வது முறையல்ல என்று கட்டுரையைச் சக ஆசிரியையிடம் தள்ளிவிட்டார். அவள் மாலைக்குள் நீக்கிவிட்டுக் காரணமும் எழுதினாள்: 'குறிப்பிடத்தக்கவர் அல்லர்.'

"எங்கண்ணன் குறிப்பிடத்தக்கவர் அல்லராம்! அந்த 'அல்லர்'ல மட்டும் என்ன மரியாதை!" என்று மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மைத்துனர் ஒரு நிருபரிடம் குமுறினார். 'மச்சான் பெயரை அழித்த மாப்பிள்ளை' என்று செய்தி வந்தது. உதவி ஆசிரியர் மறுப்புச் சொன்னார். அது இன்னும் பெரிய எழுத்தில் வந்தது. அடுத்த பத்திரிகை அவர் கல்லூரியில் கணக்கில் கோட்டை விட்டதைத் தோண்டி எடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் அவரைக் கண்டால் கதவைச் சாத்தினார்.

வீட்டில் அடுப்பு எரியவில்லை, பேச ஆளில்லை. விதிமுறையாவது, மண்ணாவது என்று அவருக்கு வெறுத்துப்போனது. அப்போதுதான் உறைத்தது: வெளியாட்கள், காசு வாங்காமல், பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்களே!

பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

"தாயே, இந்தா ஆதாரம். மச்சான் கட்டுரைய மறுபடி ஏத்திடு. என் பொண்டாட்டி வீட்டுக்கு வரணும்."

சக ஆசிரியை அந்தக் கட்டைத் தொடக்கூட இல்லை.

"எல்லாம் நேத்தே படிச்சுட்டேன் சார். உங்க மச்சானப் பத்தி ஆளுக்கு ஒரு வரிதான் இருக்கு, அவரு தேறமாட்டாரு. மிச்சம் மொத்தமும் உங்களப் பத்தினது, அதனால உங்களுக்குத்தான் பக்கம் போட்டிருக்கேன். மனைவி பிரிஞ்சு போனதுக்கு மட்டுமே மூணு ஆதாரம் இருக்கு!"