கும்பிட்டுக் கொடுத்த பெனால்ட்டி

அன்றைக்கு இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். எங்கள் கோல் கீப்பர், அவள்தான் கேப்டன். எதிர் டீமில் பதினோராம் நம்பர் போட்ட பெண். ரெஃப்ரி அம்மா. வழுக்கைத் தலை கோச். வேடிக்கை பார்க்க முப்பது பேர், ஒரு நாய். இவர்கள் பின்லாந்தில். மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டு எதிரே மாமாவின் செல்போன் கடையில், மேட்ச் நெட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவிக்கு முன்னால்: அப்பா, அம்மா, மாமா (அக்கா வூட்டுக்காரர்), ரிப்பேருக்குக் கொடுத்த போனை வாங்கிக்கொண்டும் போகாமல் உட்கார்ந்திருந்த ஒருவர்.

இத்தனை பேர் முன்னால் என் மானம் போனது.

எனக்கு எழுத வராது. பத்தாவது பெயில். மாமாதான், "நான் சொன்னா கூட்டிச் சொல்றேங்கிற. நீயே எழுதிடும்மா"ன்னார். எழுதுகிறேன்.

அப்போது வயது இருபத்திரண்டு. இந்திய டீமில் நாலு மேட்ச் ஆடியிருந்தேன். பின்னால் நின்று தடுக்கிற வேலை. பின்லாந்தில் ஒரு கிளப், மூன்று வாரம் வந்து ஆடிக் காட்டு என்றது. பிடித்தால் ஒப்பந்தம். பிடிக்காவிட்டால் விமானம். கடைசி வாரம் ஒரு மேட்ச். அதில்தான் முடிவு.

எனக்கு அங்கே தங்க வேண்டும். ஊர் பிடித்ததால் இல்லை. (சோற்றில் உப்பே இல்லை.) அங்கே வாராவாரம் மேட்ச் உண்டு. நம் பக்கம் வருஷத்தில் ஏழெட்டு கிடைத்தால் பெரிசு. மீதி நாள் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அது என்னால் ஆகாது.

மார்ச் மாசம். கிரவுண்டு ஓரத்தில் பனியைத் தள்ளிக் குவித்திருந்தார்கள். மூக்கு இருக்கிறதா என்று நடுநடுவே தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு கோல். முடிய பத்து நிமிஷம். அதுவரைக்கும் நன்றாகத்தான் ஆடினேன். கோச் ரெண்டு தடவை கை தட்டினார்.

பதினோராம் நம்பர் பந்தோடு எங்கள் பெனால்ட்டி பாக்ஸுக்குள் வந்தாள். நான் சறுக்கிப் போய்ப் பந்தைத் தட்டினேன். பந்து வெளியே போனது. சுத்தமாகத்தான் தட்டினேன். தட்டின பிறகு என் பூட்ஸ் அவள் முழங்காலில் லேசாக உரசியது. அவ்வளவுதான்.

கால் பட்டுவிட்டது. என் கை தானாகப் போய் அவள் முட்டியைத் தொட்டது. தொட்டு ரெண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டது.

யோசித்துச் செய்வதா இது? கொட்டாவி மாதிரி. நம் பக்கம் ஒரு ரெஃப்ரி என் காலை மிதித்துவிட்டு அவரே தொட்டுக் கும்பிட்டிருக்கிறார். விசில் வாயிலேயே இருந்தது.

இந்த ரெஃப்ரி அம்மா தூரத்தில் இருந்தார். உரசினதை அவர் பார்க்கவில்லை. கார்னர் என்று கை காட்டப் போனவர், நான் செய்ததைப் பார்த்தார். தப்பு செய்தவளே மன்னிப்புக் கேட்கிறாள், அப்புறம் என்ன? விசில். பெனால்ட்டி.

பதினோராம் நம்பரே முழித்தாள். கேப்டன் ஓடி வந்து, "அவகிட்ட என்ன சொன்ன?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல."

"அப்பறம் ஏன் தொட்ட?"

அதற்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

நேராக ரெஃப்ரியிடம் போனேன். "நோ ஃபவுல், மேடம்." போன வேகத்தில் அவர் காலை மிதித்துவிட்டேன். (தலையெழுத்து.) குனிந்து அவர் பூட்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ரெஃப்ரியைத் தொடக் கூடாது. கிண்டல் வேறு செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். மஞ்சள் அட்டை.

பெனால்ட்டி கோல் ஆனது. கோச் என்னை வெளியே கூப்பிட்டு வேறு ஆளை இறக்கினார். பெஞ்சில் உட்கார்ந்தேன். நாய் வந்து பக்கத்தில் படுத்தது. காலை மடக்கி வைத்துக்கொண்டேன், அதன் மேலும் பட்டுவிடக் கூடாதே என்று.

அதே நேரம் மாரண்டஹள்ளியில் நடந்தது மாமா சொன்னது.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லையாம். "பாத்தீங்களா மாப்பிள்ளை, அவ்வளவு தூரம் போயும் மறக்கல எம்புள்ள."

"அத்தை, அதனாலதாங்க கோலே போச்சு."

"ஒரு கோலுதானங்க? போனா போவுது."

அப்பா எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாராம். போன் ரிப்பேர்க்காரர் கேட்டாராம், "அப்போ ஜெயிச்சது நாமளா அவங்களாங்க?"

மேட்ச் முடிந்ததும் கோச் அறைக்குக் கூப்பிட்டார். பெட்டியைக் கட்டச் சொல்லப் போகிறார் என்றுதான் போனேன். வீடியோவை நாலு தடவை ஓட்டிக் காட்டினார்.

"பந்தைத்தான் தட்டியிருக்க. அப்பறம் ஏன் ஒத்துக்கிட்ட?"

"ஒத்துக்கல. கால் பட்டுச்சு."

"இந்த ஆட்டத்துல கால் படும்."

"ஆமாங்க."

"பட்டா?"

"கும்பிடணும்."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும். புஸ்தகமா இருந்தாலும்."

வீடியோவை நிறுத்தினார். அப்புறம் கேட்டார். "பந்தை உதைக்கிறியே?"

"அதை மேட்சுக்கு முன்னாடியே கும்பிட்டுடுவேன்."

வழுக்கையைத் தடவிக்கொண்டார். அலமாரியைத் திறந்து ரெண்டு டென்னிஸ் பந்தை எடுத்து மேஜையில் வைத்தார். பக்கத்தில் ஒப்பந்தத் தாளை வைத்தார். கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்ய வேண்டும், கை எங்கேயும் போகக் கூடாது, அதற்குச் சம்மதம் என்றால் கையெழுத்துப் போடு என்றார்.

போட்டேன். போடும்போது மேஜைக்கு அடியில் என் கால் அவர் காலில் இடித்தது. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

ஆறு மாசத்தில் கை மறந்துவிட்டது. லீவில் ஊருக்கு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அம்மா காலை மிதித்துவிட்டேன். சும்மா நின்றேன்.

"என்னாடி, கும்புடலயா?"

அப்புறம்தான் குனிந்தேன். அம்மா வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டது. மாமா ரெண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். "பெனால்ட்டி!"

அதுதான் ஆரம்பம். இன்றைக்கும் எங்கள் வூட்டில் யார் கால் யார் மேல் பட்டாலும் விசில்தான். கல்யாணப் பந்தியிலும் அடிப்பார்.

இப்போது முட்டி போய்விட்டது. ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. தக்காளி போட்டிருக்கிறோம். அந்தப் பின்லாந்துக் கிரவுண்டில் பிளாஸ்டிக் புல்லுக்கு அடியில் கறுப்பு ரப்பர்த் தூள் இருக்கும். சாக்ஸை உதறினால் கொட்டும். பழைய பையின் மூலையில் இன்னும் கொஞ்சம் கிடக்கிறது. தட்டிவிட மனசு வரவில்லை.

போன பொங்கலுக்குச் சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு மாமா மறுபடியும் முழுக்கதையும் சொன்னார். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்படியாப்பட்ட கிளப்புல எத்தனை மேட்ச்சும்மா ஆடுன?"

"நூத்தி நாலு."