மேற்படியான் வந்து சேர்ந்த விவரம்

சிவமயம்

பேட்டை,
பரிதாபி வருஷம் ஐப்பசி மாதம் 6ந் தேதி

ரங்கூனில் இருக்கும் மகா-ள-ஸ்ரீ நாறும்பூநாத பிள்ளை அத்தான் அவர்கள் சமூகத்துக்கு, பேட்டை சிவசண்முகம் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் கோமுவும் பசு இரண்டும் நெல்லையப்பர் கிருபையால் சுகம். மழை தவறவில்லை. ஆற்றில் தண்ணீர் படித்துறையில் நாலு படி ஏறி நிற்கிறது. அவ்விடம் தாங்களும் பாலம்மாள் அக்காளும் பிள்ளைகளும் சுகமாக இருப்பதற்கு எழுத வேண்டும். மரியாதைப் பாகம் இத்தோடு முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பதற்காகத் தாங்கள் என்னிடம் அனுப்பிய இளைய பிள்ளையைப் பள்ளிக்கூட விடுதியில் சேர்த்துவிடும்படி, இந்தக் கடிதம் கண்டவுடன் எனக்கு உத்தரவு எழுத வேண்டும். பையன் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த எனக்குக் குற்றம் இல்லாதவன் மேல் பிராது எழுதுவது புதிதல்ல, ஆனாலும் இதை மூன்று தரம் கிழித்துப்போட்டு எழுதுகிறேன். பயம்தான் காரணம். ஐம்பத்து மூன்று வயதுக்காரன் பதினாலு வயதுப் பையனுக்குப் பயப்படுகிறானே என்று அக்காளிடம் சொல்லிச் சிரிக்க வேண்டாம்.

பிள்ளைக்கு என் தகப்பனார் பெயரை வைத்தீர்கள். தாய்வழிப் பாட்டனார் பெயர் இரண்டாவது பிள்ளைக்கு வருவது வழக்கம்தான், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வைத்த நீங்கள் ரங்கூனில் இருக்கிறீர்கள், கூப்பிட வேண்டிய நாங்கள் பேட்டையில் இருக்கிறோம். கோமு மாமனார் பெயரை உயிர் போனாலும் சொல்ல மாட்டாள். சிதம்பரத்தில் ஆடுகிறவருக்கும் அதே பெயர் என்பதால் அவரையே 'ஆடுற சாமி' என்று சொல்லிக் கும்பிடுகிறவள். நானோ, கோர்ட்டில் தகப்பனார் பெயர் கேட்டால் கூசாமல் சொல்லிவிடுவேன், அதே பெயரைச் சொல்லி 'ஏலே, இங்கன வா' என்று கூப்பிட நாக்கு எழும்புமா? ஆகவே அவள் 'தம்பி' என்கிறாள், நான் 'மேற்படியான்' என்கிறேன். வந்த நாள் முதல் அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

புரட்டாசி முதல் தேதி காலை வண்டிக்குப் பாலம் ஸ்டேஷனில் போய் நின்றேன். பையனை நான் பார்த்தது கிடையாது, தாங்கள் படமும் அனுப்பவில்லை. கூட்டம் கலைந்த பிறகு தூணோரம் ஒரு பையன் மட்டும், வெகுநேரம் காத்துச் சலித்த முகத்தோடு, வெறுங்கையாக நின்றான். பெயரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் சொல்லுவான், பிறகு நானும் அதைச் சொல்லிப் பேச வேண்டிவரும். அதனால், 'பாலம்மாள் மகன்தானலே?' என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'தலை நல்லா நரைச்சிட்டே' என்றான். ரங்கூன் பிள்ளைகளுக்கு வாய் கொஞ்சம் நீளம் போலிருக்கிறது என்று பொறுத்துக்கொண்டேன். பெட்டி எங்கே என்றதற்கு, 'வீட்டுல இருக்குல்லா' என்றான். மாட்டு வண்டியில் ஏற மறுத்து முன்னால் நடந்தவன், நான் ஒரு வார்த்தை வழி சொல்லாமலே பேட்டைக்கு வந்து, தெரு திரும்பி, சந்து திரும்பி, நம் வாசலில் போய் நின்றான். நேரே கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டு, முருங்கையை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டான். அந்த மரத்தை வெட்டியது அப்பா காலமான வருஷம். மரம் இருந்ததை அக்காள் சொல்லியிருப்பாள் என்று நான் கோமுவுக்குச் சமாதானம் சொன்னேன். அவள் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன். பையன் சுகமாக வந்து சேர்ந்தான் என்று அன்றைக்கே தங்களுக்குக் கார்டும் போட்டுவிட்டேன்.

சாப்பாட்டுக்கு மேற்கு மூலையில்தான் உட்காருகிறான். இலையில் கை வைக்கும் முன்னே, குழம்பைக் கண்ணால் பார்த்தே 'உப்புக் கம்மி' என்கிறான். கோமு முப்பது வருஷமாக என்னிடம் வாய் காட்டுகிறவள், இவன் சொன்னால் மறுபேச்சில்லாமல் உப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். அவன் எதிரில் உட்காருவதே இல்லை. மருமகப்பிள்ளைக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று கேட்டால், பழக்கம் என்கிறாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து கிருபைராஜ் வாத்தியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேற்படியானுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியவில்லை, தமிழோ ஏட்டில் எழுதுகிற மாதிரி புள்ளியே வைக்காமல் எழுதுகிறான், கணக்குக் கொடுத்தால் பழைய காலத்து மாவும் காணியுமாகப் போட்டுச் சரியான விடையைச் சொல்லுகிறான், ரங்கூனில் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான் என்று விசாரித்தார். எனக்குத் தெரியாது என்றேன். இன்னொன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவன் வகுப்புக்குள் வந்தால் தம்மை அறியாமலே எழுந்து நின்றுவிடுகிறாராம்.

இதற்கும் அக்காளையே சாட்சிக்கு இழுத்திருப்பேன். ஆனால் போன வெள்ளிக்கிழமை நடந்ததற்கு அக்காளும் உதவ மாட்டாள். அப்பாவின் தேக்குப் பெட்டி எட்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி அகப்படவில்லை, உடைக்கவும் எங்களுக்குத் துணிச்சல் இல்லை. மேற்படியான் முற்றத்து உத்தரத்துக்கு மேலே கையை விட்டுச் சாவியை எடுத்தான், தேடவே இல்லை. பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த அப்பாவின் பாதக்குறட்டை மாட்டிக்கொண்டான். பதினாலு வயதுக் காலுக்கு அது அளவாக இருக்கிறது. அன்று முதல் வீட்டுக்குள் அந்தக் கட்டைச் சத்தம்தான். அது கேட்டதும் நான் பொடிமட்டையை மடிக்குள் ஒளித்துக்கொள்கிறேன். அப்பா இருந்தவரைக்கும் ஒளித்துத்தான் பொடி போட்டேன், இப்போதும் மாட்டுக் கொட்டகையில் நின்று போடுகிறேன். நேற்று தும்மல் கேட்டு உள்ளே இருந்து ஒரு கனைப்பு வந்தது. கையில் இருந்தது முழுவதும் பசுவின் மூக்கில் கொட்டிவிட்டது, அது என்னை முட்டியதில் இடுப்புக்குப் பற்றுப் போட்டிருக்கிறேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் நடுங்குவது ஒன்றே ஒன்றுக்கு, அதைத் தங்களிடம் மறைக்க மாட்டேன். அப்பா படுக்கையில் கிடந்தபோது நான் ஒரு வாய்தாவுக்காக ஸ்ரீவைகுண்டம் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். வீட்டிலிருந்து ஆள் வந்து உடனே வரச் சொன்னான். இன்று ஒரு நாள், வாய்தா முடியட்டும் என்று தங்கிவிட்டேன். மறுநாள் வந்தபோது வாசலில் பாடை கட்டப் பச்சை ஓலை கிடந்தது. 'சண்முகம் வந்துட்டானா' என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாராம். இதை அக்காளுக்கு நான் எழுதவே இல்லை. எட்டு வருஷமாக என்னை யாரும் கேட்கவுமில்லை. இப்போது தினம் சாயங்காலம் மேற்படியான் முற்றத்தில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறான், ஏதோ கேட்க வாயைத் திறக்கிறான், நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறேன். மாடுகள் குடித்துக் குடித்து வயிறு உப்பிப்போய் நிற்கின்றன. கோமுவோ, 'இருந்துட்டுப் போகட்டும், உங்களை என்ன செய்யுதாக' என்கிறாள். ஒரு சின்னப் பையனை மரியாதை வைத்து 'செய்யுதாக' என்று அவள் சொல்லுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் கேட்கும் முன்னே அவன் விடுதிக்குப் போயாக வேண்டும், அத்தான்.

அக்காளுக்கு என் வணக்கம். மூத்தவனுக்கு எங்கள் ஆசீர்வாதம், சீக்கிரம் நல்ல இடத்தில் கல்யாணம் கூடி வரட்டும். தங்கள் வியாபாரம் மேன்மேலும் விருத்தியாகக் காந்திமதியம்மை துணை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்
அ. சிவசண்முகம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போதே தபால்காரர் தங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். 'உமது கார்டு கிடைத்தது, ஒன்றும் புரியவில்லை. அம்பலவாணனுக்கு அம்மை போட்டிருந்து கப்பல் தவறிவிட்டது, இன்னும் இங்கே என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறான். தை மாதம் அனுப்புகிறேன். அங்கே வந்து சேர்ந்தது யார்?' என்று எழுதியிருக்கிறீர்கள். கப்பல் தவறியதை முன்பே ஒரு கடிதத்தில் எழுதினீர்களாம், அது இன்று வரை வரவில்லை.

கோமுவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அசையவில்லை. 'எனக்கு மொத நாளே தெரியும், நீங்க பயப்படுவியன்னுதான் சொல்லல' என்றாள்.

முற்றத்துக்குப் போனேன். நீ யார் என்று கேட்கத்தான் போனேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். 'ஸ்ரீவைகுண்டத்துல வாய்தா முடிஞ்சிட்டா லே?' என்று கேட்டார். 'முடிஞ்சிட்டுப்பா' என்றேன். அங்கேயே உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவர், 'சரி, சாப்பிட்டியா' என்றார்.

ஆகையால் மேலே கண்ட விண்ணப்பத்தை வாபஸ் பெறுகிறேன். தை மாதம் தங்கள் பையன் வந்தால் விடுதியிலேயே தங்கட்டும், இங்கே வீட்டில் இடம் இல்லை.