தகவல் தொடர்பு, இரண்டாம் ஆண்டு

மாணவர்களில் எத்தனையோ ரகம் உண்டு, வாசகரே. இணையத் தகவல் தொடர்பு படிக்கிறவர் தனி ரகம். பசிக்கிறது என்பதைக்கூடச் சட்டென்று சொல்ல மாட்டார். இந்தச் செய்தி யாருக்கு, எந்த ஊடகத்தில், என்ன விளைவுக்காக என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் சோறு ஆறிப்போகும்.

சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரின் ஜெயக்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரத்து எட்டில் முதுகலை இரண்டாம் ஆண்டு. அந்நாளைய சமூக வலைத்தளமான ஆர்குட்டில் அறுநூறு நண்பர்கள். தங்கை பிரபாவின் நிச்சயதார்த்தத்துக்கு மாமல்லபுரத்தில் பேசிவைத்த மண்டபம் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போய், உள்ளூரிலேயே வேறு மண்டபம் கிடைத்தது. அப்பா திருவேங்கடம் மகனைக் கூப்பிட்டார்.

“டேய், எடம் மாறிட்ச்சுன்னு மாப்ள வூட்டுக்கு சொல்லிடு. அதத்தானே படிச்சிகினு கீற?”

அதைத்தானே படிக்கிறார்! இரண்டு நாள் உழைத்து, கோபுரப் படம் வைத்து, எழுத்துக்கு மஞ்சள் பூசி, வழி காட்டும் வரைபடமும் சேர்த்து, மாப்பிள்ளை கேசவனின் ஆர்குட் பக்கத்தில் போட்டார். பதினேழு பேர் பாராட்டினார்கள். ஒருவர் கனடாவிலிருந்து.

கேசவன் மட்டும் பார்க்கவில்லை. அவருடைய அலுவலகத்தில் ஆர்குட்டுக்குத் தடை. வீட்டிலோ கணினியே கிடையாது.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர், தாம்பாளத் தட்டுகளோடு மாமல்லபுரத்தில் பூட்டிய மண்டபத்தின் முன் வெயிலில் நின்றார்கள். கேசவனின் அம்மா லோகநாயகி ஜெயக்குமாருக்குப் போன் போட்டுக் கத்தினார்.

“பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா சொல்றதுதானே? இன்னாத்துக்கு எங்கள ரோட்ல நிக்க வெச்சிகினு கீறீங்க? நாங்க வூட்டுக்குப் போறோம்!”

பிரபாவின் முகம் வெளுத்துவிட்டது. அண்ணனோ அசரவில்லை.

“நான் நாலு நாள் முன்னாடியே போஸ்ட் பண்ட்டேன். ரிசீவர் சைடுலதான் பிரச்சன.”

பிரபா அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

“அத்தே, பிரபா பேசறேன். தப்பு எங்க மேலதான். எடம் மாறிட்ச்சு, உங்களுக்கு யாரும் சொல்லல. மன்னிச்சிக்குங்க. சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வாங்க, எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துகினு கீறோம்.”

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நாற்பது பேரும் முணுமுணுத்தபடியே வேன்களில் ஏறினார்கள்.

அந்த மாதமே ஜெயக்குமார், ‘பெறுநரின் கவனக்குறைவு’ என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கினார்.

கல்யாணத்துக்குப் பிரபா வீடு வீடாகப் போய் வாயால் அழைத்தாள். அண்ணனுக்கு மட்டும் ஆர்குட்டில் எழுதிப் போட்டாள். கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருந்த அவர் அதைப் படித்துவிட்டு, “வடிவமைப்பு போதாது” என்று பதில் எழுதினார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், சாப்பிட வாங்க என்று நேற்றுவரை வாய்விட்டுக் கூப்பிட்ட உங்கள் வீட்டார், இப்போதெல்லாம் அதை எழுதி அனுப்புகிறார்களா? அப்படியானால், உங்களைப் பற்றி அவர்கள் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.