டேப் அண்ணன் சோதிக்காத படிவம்

ஓசூர் தொழிற்பேட்டையில் மனிதனைப் பயமுறுத்தக் கிரேன், பிரஸ் மிஷின், பெங்களூர் லாரி என்று எத்தனையோ உண்டு. அத்தனையையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, எங்கள் டேப் அண்ணனை மறு தட்டில் உட்கார வைத்தால், அண்ணன் பக்கம்தான் சாயும்.

நாங்கள் வேலை பார்த்தது பன்னிரண்டு பேர் கொண்ட வெப்சைட் கம்பெனி. கீழே டயர் கடை, மேலே நாங்கள். மாற்றுத்திறனாளிகளும் சிரமமில்லாமல் பயன்படுத்தும்படி இணையதளங்கள் செய்து தருவது எங்கள் தொழில். செய்ததைச் சோதிப்பவர் டேப் அண்ணன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மவுஸைத் தொட மாட்டார். கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் டேப் பட்டனை 'டக், டக்' என்று தட்டியே ஒரு தளம் முழுக்கச் சுற்றி வந்துவிடுவார். பெயர்க்காரணம் அதுதான். திரையில் இருப்பதை அவருடைய கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும். அது படிக்கிற வேகத்தைக் கேட்டால், கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் ஏலம் விடுகிறவரே "கொஞ்சம் மெதுவாப்பா" என்பார்.

'டக், டக்' கேட்கும்வரை எங்களுக்கு உயிர் இருக்கும். சத்தம் நின்றால் எங்கோ தப்பு. சின்னத் தப்பென்றால் தெலுங்கில் திட்டுவார். நடுத்தரத் தப்பென்றால் தமிழ். கன்னடம் ஆரம்பித்துவிட்டால் தப்பு செய்தவன் இறங்கிப்போய் டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வான்.

எனக்கு முதலில் கிடைத்தது தமிழ். உத்தனப்பள்ளிப் பக்கம் ரோஜாப் பண்ணையில் வேலை செய்யும் அப்பா அம்மாவுக்குப் பிறந்து, வீட்டிலேயே முதல் ஆளாகப் படித்தவன் நான். யாராவது ஒன்று சொன்னால் அதை இரண்டு மடங்காகச் செய்வேன். "படங்களுக்கெல்லாம் விளக்கம் எழுதணும்" என்றார்கள். ஓர் ஆஸ்பத்திரி தளத்தில் அழகுக்காகப் போட்டிருந்த கோடுகளைக்கூட நான் விடவில்லை. முப்பத்திரண்டு இடங்களில் 'நீல நிறக் கோடு' என்று எழுதிவைத்தேன்.

'டக்' நின்றது.

"யார்ரா அது நீலக் கோடு?"

"நான்தாண்ணா."

"நான் ஆம்புலன்ஸ் நம்பரைத் தேடறேன். நீ முப்பத்திரண்டு வாட்டி கோட்டைக் காட்டற. நம்பர் கிடைக்கறதுக்குள்ள பேசன்ட்டு தானா எந்திரிச்சு நடந்துடுவான்டா!"

இன்னொரு நாள், ஆனேக்கல்லில் இருந்து வரும் மஞ்சு ஒரு தளத்தின் மூலையில் சின்ன அரட்டைப் பெட்டி வைத்தான். அண்ணன் டேப் தட்டித் தட்டி அதற்குள் போனார். எத்தனை தட்டினாலும் வெளியே வர முடியவில்லை.

"காப்பாத்துங்கப்பா! கதவில்லாத ரூம்ல போட்டு அடைச்சுட்டான்!"

கீழேயிருந்து டயர் கடைக்காரர் இரும்புக் கடப்பாரையோடு ஓடி வந்துவிட்டார். அண்ணன் மஞ்சுவின் மவுஸைப் பிடுங்கித் தன் மேஜை டிராயரில் ஒரு வாரம் பூட்டி வைத்தார். கடைசியாகப் பேசியது முழுக்கக் கன்னடம்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் வாயால் "போகட்டும்" என்று சொன்னால்தான் ஒரு தளம் வெளியே போகும். முதலாளியே அதற்காகக் காத்திருப்பார்.

நான் செய்த பாவம் அங்கேதான் ஆரம்பம். என் மூன்று மாத புரொபேஷன் முடிகிற வாரம். அம்மா அதற்குள் பண்ணை முழுக்க 'எம் பையன் பர்மனென்ட்டு' என்று சொல்லிவிட்டிருந்தாள். உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை, மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்க விண்ணப்பப் படிவம் கேட்டிருந்தது. நான் தனியாகச் செய்த முதல் வேலை. பதினைந்து நிமிடத்துக்குள் நிரப்பாவிட்டால் எல்லாம் அழிந்துபோகும்படி வைத்தேன். டிக்கெட் எடுக்கிற ஏதோ ஒரு தளத்தில் அப்படிப் பார்த்திருந்தேன். பெரிய இடமென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன்.

வெள்ளிக்கிழமை அண்ணன் லீவு. சாமல்பட்டியில் அவர் தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து. மாலை முதலாளி கேட்டார்: "டேப் ஓகே சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு சார்" என்றது என் வாய். படிவம் வெளியே போனது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, இங்க வா." திட்டவில்லை. குரல் மெதுவாக இருந்தது. கன்னடமே பரவாயில்லை என்று தோன்றியது.

"உங்க அண்ணி நேத்து அந்த வேலைக்கு அப்ளிகேசன் போட உக்காந்தா." அண்ணியின் வலது கையில் மூன்று விரல்களை எப்போதோ ஒரு பிரஸ் மிஷின் பறித்திருந்தது. இடது கையின் ஒரு விரலால்தான் தட்டுவார். "மூணு வாட்டி அடிச்சா. மூணு வாட்டியும் 'உங்கள் நேரம் முடிந்தது'ன்னு அழிச்சுட்டு வெளிய தள்ளிடுச்சு. நான் வேலை பாக்கற ஆபீஸ்ல செஞ்சதுன்னு அவகிட்ட சொல்லவே இல்ல. வெக்கமா இருந்துச்சு."

தன் துண்டால் என் வலது கையை நாற்காலியோடு கட்டினார். திரையை அணைக்கச் சொன்னார். "அடி" என்றார்.

இடது கை ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடினேன். காதில் கம்ப்யூட்டர் படிக்கிற குரல் துரத்தியது. முகவரியில் கதவு எண்ணை அடிக்கும்போது, "உங்கள் நேரம் முடிந்தது" என்றது. நான் எழுதிய வாக்கியம்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். நான் எழுந்தேன். என்னோடு நாற்காலியும் எழுந்தது.

"சார், வெள்ளிக்கிழமை பொய் சொல்லிட்டேன் சார். அண்ணன் இதைப் பாக்கவே இல்ல சார்."

முதலாளி அண்ணன் பக்கம் திரும்பினார். "என்னாப்பா இது? காலைல அந்தப் படிவத்தைப் பத்தி போன்ல கேட்டப்ப, நான்தான் ஓகே சொன்னேன், தப்பு என்னுதுன்னியே?"

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அறிவுகெட்டவனே! உன் பொய்ய நான் கஷ்டப்பட்டு உண்மையாக்கி வெச்சேன். அதையும் வந்து ஒடைக்கறியேடா!" அதற்குப் பிறகு கன்னடம். நீளமான கன்னடம். ஒளிந்துகொள்ள டயர்களிடம் போகலாமென்றால், கை நாற்காலியில் இருந்தது.

"ரெண்டு பேரும் பொய்யனுங்க" என்றார் முதலாளி. "மொதல்ல அந்தப் படிவத்தைச் சரி பண்ணுங்க. தம்பி, உனக்கு இப்ப பர்மனென்ட் இல்ல. இன்னும் மூணு மாசம் இவருகிட்டயே இரு."

மத்தியானத்துக்குள் நேர வரம்பை எடுத்தேன். நிரப்ப நிரப்பப் பத்திரமாகச் சேரும்படி மாற்றினேன். அண்ணன் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு அண்ணி வீட்டில் உட்கார்ந்து அடிக்க, போனை ஸ்பீக்கரில் போட்டு ஆபீஸே கேட்டுக்கொண்டிருந்தது. ஐம்பத்தோரு நிமிடம். அண்ணனின் கை என் தோளை விடவில்லை. விரல் அங்கேயும் டேப் தட்டிக்கொண்டே இருந்தது. அவருக்கும் பயம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏங்க, அப்ளிகேசன் போய்ச் சேந்துடுச்சுங்க" என்றார் அண்ணி.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், பர்மனென்ட் ஆக இன்னும் மூன்று மாதம் ஆகும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. எனக்கு வாடவில்லை. அந்த மூன்று மாதமும் அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தினம் தினம் பயந்தேன். முதலாளி இன்னும் மூன்று மாதம் நீட்டியிருந்தாலும், ஏன் என்று கேட்டிருக்க மாட்டேன்.